தொப்பை அமுக்குது, மூச்சு முட்டுது!

வாலிபர்களைத் திணறடிக்கும் ஊளைச்சதை

சென்னை,
போலீஸ் வேலைக்கு உடல் தகுதித் தேர்வு. மார்பு அளவு 81 செ.மீ. இருக்கிறது. மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிகிறது. அடுத்து ஓட்டம். 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். பாதியிலேயே சிலருக்கு நாக்குத் தள்ளிவிடுகிறது. சர்க்கார் வேலை கைநழுவிப் போகிறது!

பீடி, சிகரெட் கிடையாது. வயசும் 25-ஐத் தாண்டவில்லை. பிறகு ஏன் இந்தத் திணறல்? பல சமயம் ‘குற்றவாளி’ நெஞ்சில் இல்லை, வயிற்றில் இருக்கிறான்.

இடம் பறிபோகிறது

நுரையீரலுக்குக் கீழே குடை போல ஒரு தசை இருக்கிறது. உதரவிதானம் என்று பெயர். மூச்சை இழுக்கும்போது இது கீழே இறங்கி, நுரையீரல் விரிய இடம் கொடுக்கும். வயிற்றில் கொழுப்பு சேர்ந்தால் இது தாராளமாக இறங்க முடியாது. விலாவின் மேல் படியும் சதையும் மூட்டை ஏற்றினாற்போல் நெஞ்சை அமுக்கும். படுத்தால் இன்னும் மோசம்.

பாதிக்கும் குறைவு!

சாதாரணமாக மூச்சை விட்ட பிறகும், தம் கட்டி ஊதினால் இன்னும் கொஞ்சம் காற்று வெளியே வரும். கனடா நாட்டில் நடத்தப்பட்டு 2006-ல் வெளியான ஆய்வு இதைக் கணக்குப் போட்டது. 170 செ.மீ. உயரமுள்ளவர் 58 கிலோ இருந்தால் வரும் காற்றில், 87 கிலோ இருப்பவருக்குப் பாதி கூட வருவதில்லை!

இன்ஹேலர் உதவுமா?

சிலர் “வீசிங்” என்று தாங்களாகவே முடிவு கட்டி, இன்ஹேலர் வாங்கி இழுக்கிறார்கள். தொப்பையால் வரும் திணறலுக்கு அது பயன்படாது. ஆனால் குண்டானவர்களுக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பும் அதிகம். எனவே “எல்லாம் தொப்பைதான்” என்று சும்மா இருப்பதும் தப்பு. குழாயில் ஊதிப் பார்க்கும் ‘ஸ்பைரோமெட்ரி’ சோதனை செய்தால் டாக்டர் கண்டுபிடித்துவிடுவார். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் இந்த வசதி இருக்கிறது.

பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு விழிப்பவர்கள் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

திரும்பக் கிடைக்கும்

கொழுப்பு பறித்த இடம், எடை குறைந்தால் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும் என்பது ஆறுதலான செய்தி. தையற்காரர் டேப்பை எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் ஆபத்து. வேலைக்கு மனுப் போடும் அன்றைக்கே வாலிபர்கள் இதை அளந்துவிட்டால், ஓட்டத்துக்குள் குறைக்க அவகாசம் இருக்கும்.