தமிழ் – பர்மிய மொழி ஒப்பீடு

தமிழும் பர்மியமும் வங்காள விரிகுடாவின் இரு கரைகளில் பேசப்படும் மொழிகள் ஆகும். தமிழ் திராவிட மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. மியான்மரின் (முன்னாளில் பர்மா) ஆட்சிமொழியான பர்மியம், சீன-திபெத்திய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. குடும்பம் வேறாயினும் சொற்றொடர் அமைப்பில் இவ்விரு மொழிகளும் வியக்கத்தக்க அளவு ஒத்திருக்கின்றன. இந்த ஒற்றுமையைக் கண்டு இரண்டும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை என்று கருதுவோர் உண்டு; அது பொருந்தாது. இரு மொழிகளுக்கு இடையிலான ஒற்றுமை பிறப்பால் வந்ததாக இருக்கலாம், கடனாக வந்ததாக இருக்கலாம், தற்செயலாகவும் அமையலாம். இம்மூன்றையும் பிரித்தறிய உதவும் வகையில், மூன்றாவது குடும்பம் ஒன்றைச் சேர்ந்த செர்பிய மொழியும் இக்கட்டுரையில் ஒப்புநோக்கப்படுகிறது. பர்மியச் சொற்கள் இங்கே தமிழ் எழுத்தில் ஏறத்தாழவே தரப்பட்டுள்ளன.

மொழிக்குடும்பம்

மொழி உறவைத் தீர்மானிக்க, எண்ணுப்பெயர்கள் போன்ற அடிப்படைச் சொற்களில் ஒழுங்கான ஒலித்தொடர்பு உள்ளதா என்று பார்ப்பது வழக்கம்.

இரண்டு: தெலுங்கில் ரெண்டு. பர்மியத்தில் ஹ்னி, திபெத்தியத்தில் ஞீ. செர்பியத்தில் த்வா, இந்தியில் தோ.
மூன்று: தெலுங்கில் மூடு. பர்மியத்தில் தோன், திபெத்தியத்தில் சும். செர்பியத்தில் த்ரி, சமஸ்கிருதத்திலும் த்ரி.
ஐந்து: கன்னடத்தில் ஐது. பர்மியத்தில் ஙா, திபெத்தியத்திலும் ஙா. செர்பியத்தில் பெத், இந்தியில் பாஞ்ச்.

பர்மியத்தின் 'தோன்' என்ற சொல் இன்றும் 'சும்' என்றே எழுதப்படுகிறது. பழைய சகர ஒலி பிற்காலத்தில் தகரத்தை ஒத்த ஒலியாக மாறியதே இதற்குக் காரணம். எழுத்தைப் பார்த்தால் திபெத்திய உறவு தெளிவாகிறது. ஐரோப்பாவில் பேசப்படும் செர்பியம் இந்திக்கும் சமஸ்கிருதத்திற்கும் தூரத்து உறவாக இருக்க, கடல் தாண்டினால் எட்டிவிடும் பர்மியம் தமிழுக்கு உறவாக இல்லை. நில அண்மையும் மொழி உறவும் வேறுவேறு என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

எழுத்துமுறை

இரு மொழிகளின் எழுத்துகளும் பிராமியின் வழிவந்தவை. பர்மிய எழுத்தில் 33 மெய்யெழுத்துகள் உள்ளன. தமிழில் ஒற்றெழுத்தின் மேல் புள்ளி இடுவது போல, பர்மியத்தில் 'அதத்' என்னும் குறி இடப்படுகிறது. அச்சொல்லுக்குக் 'கொல்லுதல்' என்பது பொருள். உயிரொலியை நீக்குவதால் இப்பெயர். தமிழில் 'கெ', 'கே' என்பவற்றின் கொம்பு மெய்க்கு முன்னால் எழுதப்படுவது போலவே, பர்மியத்திலும் ஏகாரக் குறி மெய்க்கு முன்னால் வருகிறது. இங்கே காணும் ஒற்றுமை எழுத்தின் வழி வந்ததே அன்றி மொழியின் வழி வந்ததன்று.

பர்மிய எழுத்து பழைய உச்சரிப்பைக் காத்து நிற்கிறது. ரகரமாக எழுதப்படுவது பெரும்பாலும் யகரமாக ஒலிக்கப்படுகிறது. தமிழர் 'ரங்கூன்' என்று அறிந்த நகரம் 'யாங்கோன்' ஆனதும் இதனால்தான். இதற்கு நேர்மாறானது செர்பியம். 19ஆம் நூற்றாண்டில் வூக் கராஜிச் செய்த சீர்திருத்தத்தால் அங்கே ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்ற முறை நிலைபெற்றது.

ஒலியமைப்பு

பர்மியம் தொனிமொழி. ஒரே அசை, குரலின் ஏற்ற இறக்கத்தால் வேறு பொருள் தரும். தாழ்ந்த தொனியில் 'ஙா' என்றால் 'நான்'. உயர்ந்த தொனியில் 'ஐந்து' அல்லது 'மீன்'. தமிழில் குரலை உயர்த்துவது வினாவையோ உணர்ச்சியையோ காட்டுமே தவிர, சொல்லின் பொருளை மாற்றாது. தமிழில் சொல்லுக்கு முதலில் மிக அரிதாகவே வரும் ஙகரம், பர்மியத்தில் சாதாரணமாக வருகிறது.

மறுபுறம், பர்மியப் பேச்சில் நாவை மடித்து ஒலிக்கும் ட, ண, ள, ழ ஒலிகள் இல்லை. டகர வரிசை எழுத்துகள் பாலிச் சொற்களை எழுத மட்டும் பயன்படுகின்றன. ஆகவே 'பல்லி', 'பள்ளி' என்பவற்றைப் பிரித்து ஒலிப்பது பர்மியருக்குக் கடினம். 'ஙா'வின் தொனிகளைப் பிரித்து ஒலிப்பது தமிழருக்குக் கடினம்.

சொற்றொடர் அமைப்பு

எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற வரிசை இரு மொழிகளுக்கும் பொது. 'அவர் அடையாற்றிலிருந்து தி. நகருக்குப் போகிறார்' என்னும் தொடரைப் பர்மியத்தில் 'து அடையாறு க, தி. நகர் கோ த்வா தெ' எனலாம். 'து' என்பது அவர்; 'க' என்பது இருந்து; 'கோ' என்பது கு; 'த்வா' என்பது போ; 'தெ' என்பது வினைமுடிவு. சொல்லுக்குச் சொல் வரிசை மாறவில்லை. செர்பியத்தில் வினை இயல்பாக நடுவில் வரும். 'இருந்து', 'கு' ஆகியவற்றின் பொருள் தரும் சொற்கள் ஊர்ப்பெயருக்கு முன்னால் வரும்.

தமிழின் 'கு' உருபும் பர்மியத்தின் 'கோ'வும் ஒத்து ஒலிப்பது பலரை மயங்கச் செய்யும். இந்தியிலும் இதே பணியைச் செய்யும் 'கோ' உண்டு. மூன்று குடும்பங்களிலும் தனித்தனியே தோன்றிய இவ்வுருபுகளின் ஒலி ஒத்திருப்பது தற்செயலே.

வினைச்சொல்

இங்கேதான் வேற்றுமை மிகுதி. தமிழ் வினை 'வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள்' என்று திணை, பால், எண், இடம் காட்டும். பர்மியத்தில் யார் வந்தாலும் 'லா தெ' என்பதே வடிவம். 'தெ' நிகழ்காலத்திற்கும் இறந்தகாலத்திற்கும் பொது. எதிர்காலத்திற்கு 'லா மெ'. எதிர்மறையில் வினையின் முன் 'ம', பின் 'பூ' சேரும்: 'ம லா பூ' என்றால் 'வரவில்லை'.

இந்தக் கூறில் தமிழ் செர்பியத்திற்கே நெருக்கமானது. செர்பியத்தில் அவன் வந்தால் 'தோஷாவோ', அவள் வந்தால் 'தோஷ்லா'. அங்கே வேற்றுமைகள் ஏழு. தமிழ் இலக்கணம் கூறுவது எட்டு. சொல்வரிசையில் பர்மியத்தையும் வினைவிகுதியில் செர்பியத்தையும் தமிழ் ஒத்திருக்கிறது. இரண்டுக்குமே தமிழ் உறவன்று. அமைப்பு ஒற்றுமை மட்டும் உறவுக்குச் சான்றாகாது என்பது இதனால் விளங்கும்.

மரியாதை வழக்கு

பர்மியத்தில் ஆண் தன்னைப் பணிவாகச் சுட்ட 'ச்சுந்தோ' என்கிறான்; அரசரின் அடிமை என்பது அதன் மூலப்பொருள். மயிலாப்பூர் வைணவ இல்லங்களில் இன்றும் கேட்கும் 'அடியேன்' என்பதுடன் இது ஒப்பிடத்தக்கது. பெண் பேசினால் அச்சொல் 'ச்சுமா' ஆகிவிடும். தமிழில் பேசுபவரின் பால் தன்மைச் சொல்லில் தெரிவதில்லை. பேசப்படுபவரின் பால் வினையில் தெரியும். பர்மியத்தில் நிலை நேர்மாறு.

ஆட்களை எண்ணும்போது 'இரண்டு பேர்' என்பது போலப் பர்மியத்தில் 'ஹ்னா யௌ' என்பர். ஆனால் தமிழில் இவ்வழக்கு ஆட்களுக்கு மட்டுமே கட்டாயமாகக் காணப்படுகிறது. பர்மியத்தில் விலங்குக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று, துறவிக்கு ஒன்று எனத் தனித்தனி எண்ணலகுகள் உள்ளன.

பரம்பரைக் குடும்பப்பெயர் இல்லாமை இரு சமூகங்களுக்கும் பொது. 'ஊ தாண்ட்' என்னும் பெயரில் 'ஊ' என்பது மூத்த ஆண்மகனுக்குரிய மரியாதை அடைமொழியே.

மொழித் தொடர்பு

பகானில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பவர் அங்கிருந்த நானாதேசி விண்ணகர் ஆழ்வார் கோயிலுக்கு மண்டபம் முதலியன அளித்ததைத் தமிழில் கூறுகிறது. பிரித்தானியர் காலத்தில் வணிகராகவும் கூலித் தொழிலாளராகவும் பெருந்தொகையான தமிழர் அங்கே சென்றனர். நகரத்தார் வட்டித்தொழிலால் 'செட்டி' என்ற சொல் பர்மியத்தில் நுழைந்தது. பாலி, சமஸ்கிருதம் வழியாகப் பெற்ற பொதுச்சொற்களும் உண்டு: தமிழில் 'லோகம்', பர்மியத்தில் 'லோக', தமிழில் 'பாஷை', பர்மியத்தில் 'பாதா'.

1962இல் இராணுவ ஆட்சி வந்து, வணிகமும் பின்னர்த் தனியார் பள்ளிகளும் அரசுடைமையானதும் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் தமிழ்நாடு திரும்பினர். அங்கேயே தங்கியவர்களின் பிள்ளைகளுக்குக் கல்விமொழி பர்மியமானது. தமிழ் எழுத்தறிவு கோயில் சார்ந்த வகுப்புகளையும் குடும்பத்தையும் நம்பி நிற்கலாயிற்று. திரும்பி வந்தோர் தம்முடன் கொணர்ந்த சொற்களுள் சென்னையில் பலரும் அறிந்தது 'அத்தோ'. 'கலந்து பிசைந்தது' என்னும் பொருளுடைய பர்மியச் சொல் இது. எழுத்தில் இறுதியில் பகர ஒற்று உண்டு. பேச்சில் அது தொண்டையில் சட்டென அடைபடும் ஒலியாகச் சுருங்கும். தமிழ்ச் செவிக்கு எட்டாத அவ்வொலி, தமிழ்ச் சொல்லில் இடம்பெறவில்லை.