மலையடிவார மனசு – 9: "ராத்திரி தூங்குனியாப்பா?"

தேனி மாவட்டத்தில் மனநல மருத்துவரைத் தேடி வருகிறவர்கள் யாரும் 'எனக்கு மனச்சோர்வு' என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "நெஞ்சு படபடன்னு அடிக்குது, ஒரு எடத்துல உக்கார முடியல, ராத்திரி பூரா பொரண்டுக்கிட்டே கெடக்கேன்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதற்கு முன்பே கோடாங்கியிடம் போய்த் திருநீறு போட்டு, கயிறு கட்டியாகியிருக்கும். ஏதாவது ஒரு கிளினிக்கில் ஈசிஜி எடுத்து, இருதயம் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லியிருப்பார்கள். வீட்டாருக்கு அது நிம்மதி. நோயாளிக்கோ இன்னொரு பயம்: அப்படியென்றால் எனக்கு என்னதான் செய்கிறது?

மருத்துவர் எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்பார்: "சாகணும்னு நெனப்பு வருதா?" பக்கத்தில் மனைவி நிற்கிறாள், அண்ணன் நிற்கிறான். "அய்யய்யோ, அப்படியெல்லாம் இல்லீங்க டாக்டர்" என்று பதில் வரும். கூட வந்தவர்கள் முகம் தெளியும். அந்தப் பதிலை எவ்வளவு நம்பலாம் என்பதைத்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

கேட்டி புஷ், ஜான் ஃபாசெட், டக்ளஸ் ஜேக்கப்ஸ் என்ற மூன்று அமெரிக்க மருத்துவர்கள் 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனநலச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்தபோதோ, வீட்டுக்குப் போன உடனேயோ தற்கொலை செய்துகொண்ட 76 பேருடைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். கடைசியாகக் கேட்கப்பட்டபோது அவர்களில் 78 சதவீதம் பேர் 'அந்த எண்ணம் இல்லை' என்றே சொல்லியிருந்தார்கள். ஆனால் கடைசி வாரத்துக் குறிப்புகளில் வேறொன்று திரும்பத் திரும்ப வந்தது. 79 சதவீதம் பேருக்குக் கடுமையான பதட்டமோ, நிலைகொள்ளாத தவிப்போ இருந்திருக்கிறது. வாய் இல்லை என்றது. உடம்பு வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தது.

ஃபாசெட்டுக்கு இது புதிதாகத் தோன்றியிருக்காது. 1990-லேயே, மனச்சோர்வு போன்ற மனநிலைக் கோளாறுகள் உள்ள 954 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வொன்றை அவர் எழுதியிருந்தார். நம்பிக்கையிழப்பு, சாக வேண்டும் என்ற எண்ணம், முந்தைய முயற்சி ஆகிய மூன்றையும்தான் ஆபத்தின் அடையாளம் என்று எல்லோரும் படித்திருந்தார்கள். அவை நெடுநாள் ஆபத்தைத்தான் காட்டின. முதல் ஓராண்டுக்குள் தற்கொலையால் இறந்தவர்களிடம் முன்னால் நின்றவை வேறு: உள்ளுக்குள் ஓயாத பதட்டம், திடீர்த் திகில், தூக்கமின்மை, மனதை ஒன்றில் நிறுத்த முடியாமை, எதிலும் இன்பமில்லாமை, குடி. விரக்தியை ஒருவர் வருஷக் கணக்கில் சுமந்துகொண்டு தோட்ட வேலைக்கும் போய்வர முடியும். தூங்காத நாலாவது ராத்திரியில் வரும் தவிப்பைச் சுமப்பது அப்படியில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. படபடப்பு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் அந்தப் பக்கமே போவதில்லை. 2003 ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு நோயாளிகள் குழு இல்லை. அதே வார்டில் பதட்டத்தோடு இருந்து குணமாகி வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்பது அந்தக் கணக்கில் வராது. 2016-இல் பல நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பதட்டத்தை மட்டும் வைத்துத் தற்கொலையை முன்கூட்டிச் சொல்வது பலவீனமான வழி என்றே தெரிந்தது. யாருக்கு எப்போது என்று ஜோசியம் பார்க்க இது உதவாது. ஆனாலும் நான் பதட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் உண்டு. வயது, பழைய முயற்சி, குடும்பத்தில் நடந்த இழப்பு எதையும் மருத்துவரால் மாற்ற முடியாது. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய வாரங்கள் ஆகும். பதட்டத்தையும் தூக்கமின்மையையும் மட்டும் சில நாட்களிலேயே தணித்துவிடலாம்.

இந்த மலைச் சரிவில் அந்தப் பதட்டம் கண்ணில் படாமல் போவதற்கு வாழ்க்கை முறையும் ஒரு காரணம். விடியும் முன்பே போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஜீப்புகள் புறப்பட்டுவிடும். முந்தல் செக்போஸ்ட் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டில் கேரளத்துக்குள் நுழைந்து, பூப்பாறை, சாந்தாம்பாறை, உடும்பன்சோலை ஏலத்தோட்டங்களில் பிரிந்துபோகும். பொழுது சாயத்தான் திரும்புவார்கள். ராத்திரி தூங்காதவன் ஜீப்பில் கண்ணசந்தால் 'அசதி' என்பார்கள். க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக ஒரு நாள் கூலியை விட வேண்டும். வேலை செய்யும் இடம் ஒரு மாநிலம், சீட்டு இருப்பது இன்னொரு மாநிலம். காய் எடுப்பு மும்முரமாக நடக்கும் மாதங்களில் மாத்திரை தீர்ந்துபோனால் தீர்ந்ததுதான்.

சிறு விவசாயிகளின் பதட்டத்துக்கு விலை என்று ஒரு பெயர் உண்டு. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட ஏலக்காய், இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. அந்த உச்சத்தை நம்பிக் குத்தகை பேசியவர் ராத்திரியில் விழித்திருப்பதை யாரும் நோய் என்று நினைக்க மாட்டார்கள். 'கடன் இருக்கு, தூக்கம் எப்படி வரும்?' நியாயமான காரணம் இருப்பதாலேயே வைத்தியம் தேவையில்லை என்று ஆகிவிடுகிறது. ஒரே காரணத்தால் யாரும் சாவதில்லை. ஆனால் அந்தக் கடனோடு ஏற்கெனவே மனச்சோர்வும் குடியும் இருந்தால், தூக்கமின்மையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மருந்தே தரும் தவிப்பும் உண்டு. மனச்சிதைவுக்குக் கொடுக்கும் சில மருந்துகளால் சிலருக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. உட்காருவார், எழுவார், நடப்பார். "நோய் முத்திருச்சு" என்று வீட்டார் நினைப்பார்கள். அளவை மாற்றினால், வேறொரு மாத்திரை சேர்த்தால் அடங்கிவிடும். இதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. குடியைத் திடீரென்று விட்டவருக்கும், மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கிய தூக்க மாத்திரையைச் சட்டென்று நிறுத்தியவருக்கும் இதே தவிப்பு வரும். பழனிக்கு மாலை போட்டுக் குடியை விட்ட மூன்றாம் நாள் கை நடுங்கினால், அது பக்திக் குறைவல்ல, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறி.

'இல்லை' என்று சொல்வதற்கு இன்னொரு காரணம், போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயற்சி செய்தவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், அந்த முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே கிடையாது. ஊரில் இது இன்னும் போய்ச் சேரவில்லை. மனசில் அந்த எண்ணம் வருகிறது என்று மருத்துவரிடம் சொல்வதோ, எந்தக் காலத்திலும் குற்றமாக இருந்ததில்லை.

வார்டிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய காலம் என்பதை உலகம் முழுக்க ஆய்வுகள் உறுதி செய்திருக்கின்றன. அந்தக் காலத்தில் என்ன செய்யலாம் என்பதற்கு நம் சென்னையும் கொழும்பும் பங்கெடுத்த ஓர் ஆய்வே பதில் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில், தற்கொலைக்கு முயன்று பிழைத்த 1,867 பேரிடம் நடத்தியது, 2008-இல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றப் பாதிக்கு ஒரு மணி நேரப் பேச்சும், அதன்பின் பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை போன் அல்லது நேரடி விசாரிப்பும். முதல் குழுவில் 2.2 சதவீதம் பேரும், இரண்டாவது குழுவில் 0.2 சதவீதம் பேரும் தற்கொலையால் இறந்தார்கள். அந்த ஒன்பது விசாரிப்புக்குப் பெரிய ஆஸ்பத்திரி எதுவும் தேவைப்படவில்லை.

கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கம் ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு செய்ததும் ஏலமலைக்குப் பொருந்தும். இரண்டு கிராமங்களில் பூச்சிமருந்துக்குப் பொதுக் கிடங்கு கட்டி, விவசாயிகளுக்குப் பூட்டோடு பெட்டி கொடுத்தார்கள். தவிப்பு அலைபோல ஏறி இறங்குவது. ஏறியிருக்கும் அந்தச் சில மணி நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருப்பதே உயிரைக் காக்கும். தோட்டத்து மருந்தும் வீட்டு மாத்திரையும் வேறொருவர் பொறுப்பில் பூட்டியிருக்கட்டும்.

அடுத்த முறை ஓபி-க்குத் துணைக்குப் போகிறவர்கள், "நல்லாத்தான் இருக்கார்" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை முறை எழுந்து நடந்தார், சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தாரா, குடி எந்த நாளில் நின்றது என்று சொல்லுங்கள். பிறகு ஐந்து நிமிஷம் வெளியே வந்து, அவரை மருத்துவரோடு தனியாகப் பேசவிடுங்கள். வீட்டில் நீங்களே நேராகக் கேட்பதாலும் கெடுதல் இல்லை. கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்பது வெறும் பயம்.

டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டுக்குள் 104. சென்னை ஸ்நேகா: 044-24640050. தவிப்பு அதிகமாகி, தனியாக விட முடியாத நிலை என்றால் போனுக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டு, பக்கத்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

(தொடரும்)