பூசைக்கு ஒரு கூடை, பானத்துக்கு ஒரு கூடை

ஏகாதசி விரத நாட்களில் காப்பியையும் விட்டுவிடுவது என்று சென்ற ஆண்டு முடிவு செய்தேன். நாற்பதாண்டுப் பழக்கம் எளிதில் விடுமா? முற்பகல் பதினொரு மணிக்குத் தலை கனக்கத் தொடங்கிவிடும். அதற்கு மாற்றாக மலர்களைக் கொண்டு ஒரு மூலிகைத் தேநீர் தயாரிக்கலாமே என்று தோன்றியது. காலைப் பூசைத் தட்டில் செம்பருத்தியும் பன்னீர் ரோஜாவும் மீதமிருந்தன. அவற்றை அள்ளிக் கொதிநீரில் இடப் போனபோது, ஊரிலிருந்து வந்திருந்த அக்கா தடுத்தார்.

"தட்டில் அரளியும் கிடக்கிறதே தம்பி, பார்க்கவில்லையா? சாமிக்கு ஆவதெல்லாம் நம் வயிற்றுக்கு ஆகுமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. துர்க்கைக்கு நாம் பக்தியோடு சாற்றும் செவ்வரளியும், சிவபெருமானுக்கு உகந்த பொன்னரளியும் பூ, இலை, வேர், விதை என எல்லாப் பாகங்களிலும் நஞ்சு கொண்டவை. அந்நஞ்சு இதயத் துடிப்பின் சீரையே குலைக்க வல்லது. கொதிக்க வைத்தாலும் அது நீங்கிவிடுவதில்லை. இதனாலேயே 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, தன் கோயில்களில் நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைச் சேர்க்கலாகாது என்று முடிவெடுத்தது. பூசைக்கு அம்மலரைப் பயன்படுத்துவதை அது தடுக்கவில்லை.

கடையில் வாங்கும் பூக்களிலும் பூச்சிமருந்து படிந்திருக்கக்கூடும். ஆகவே, சாற்றிக் களைந்த நிர்மால்ய மலர்களைச் செடியின் வேருக்கு உரமாக்குவதே தக்கது.

பருகத் தக்க மலர்கள்

பானத்துக்கென நாங்கள் தேர்ந்தவை மூன்று. ஒன்று, வீட்டுத் தொட்டியில் பூக்கும் ஐந்திதழ்ச் சிவப்புச் செம்பருத்தி. மற்றொன்று ஆவாரம்பூ, போகியன்று சிறுபீளையோடும் வேப்பிலையோடும் சேர்த்துக் காப்புக் கட்டப் பயன்படும் அதே மஞ்சள் மலர். உலர்ந்த ஆவாரம்பூ நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். மூன்றாவது, மருந்து தெளிக்காமல் வளர்த்த பன்னீர் ரோஜா.

இருவர் பருக, இரண்டு செம்பருத்திப் பூக்களின் காம்பையும் மகரந்தத் தண்டையும் நீக்கி இதழ்களை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அவற்றுடன் ஒரு தேக்கரண்டி உலர்ந்த ஆவாரம்பூ, ஒரு ரோஜாவின் இதழ்கள், நான்கைந்து துளசி இலைகள், தட்டிய ஏலக்காய் ஒன்று. 300 மில்லி நீரைக் கொதிக்க வைத்து இறக்கிய பின்னரே இவற்றை இட்டு, ஐந்து நிமிடம் மூடி வைத்து வடிகட்ட வேண்டும். அடுப்பிலேயே கொதிக்கவிட்டால் ரோஜாவின் மணம் ஆவியோடு போய்விடும். ஆவாரையின் துவர்ப்பும் மிகுந்துவிடும்.

முதல் மிடறு

முதன்முறை எதுவும் இனிப்புச் சேர்க்காமல் பருகினேன். நாவைத் தொடுமுன்னரே ரோஜாவும் ஏலமும் மூக்கை எட்டின. அடுத்து, பாக்கு மென்றாற்போன்ற ஆவாரையின் துவர்ப்பு. இறுதியில் துளசியின் இதமான காரம் தொண்டையில் நின்றது. செம்பருத்தியின் சுவை மிக மெல்லியது. அதன் சிறப்பு நிறத்திலேதான். கருஞ்சிவப்பாக இருந்த பானத்தில் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டதும் அது பளிச்சென்று சிவந்தது. இதழிலுள்ள நிறப்பொருள் புளிப்பைக் கண்டு மாறுவதே இதற்குக் காரணம். மறுகோப்பையில் சிறிது பனங்கற்கண்டு சேர்த்தபோது துவர்ப்பு அடங்கிச் சுவை நிறைந்தது. காப்பியின் வேகம் இதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முதல் இரு ஏகாதசிகளில் தலைவலியும் வந்தது. பின்னர் உடல் பழகிவிட்டது.

இது மருந்துக்கு மாற்றன்று. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே பருகுதல் நலம். கருவுற்ற பெண்கள் செம்பருத்தியைத் தவிர்க்க வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டில் பூக்கூடைகள் இரண்டு. பூசைக் கூடையில் அரளி வழக்கம்போல் உண்டு. பானத்துக்குரிய சிறு கூடையை அக்கா வாங்கித் தந்தார். அதில் பெயர் தெரிந்த மலரன்றி வேறு எதுவும் விழுவதில்லை. ஏகாதசியன்று முதல் கோப்பையைப் பெருமாள் திருமுன் வைத்து வணங்கிய பின்னரே பருகுகிறோம்.