கடலுக்கு ஆழம்னா, காட்டுக்கு உயரம்... வால்பாறை சிங்கவால் குரங்கு ரோட்டுக்கு இறங்குவது ஏன்?

பொள்ளாச்சியில் இருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறையை நெருங்கும்போது, புதுத்தோட்டம் பகுதியில் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்கும் பாலங்களைப் பார்த்திருக்கீங்களா? அது குரங்குகளுக்காகக் கட்டினது. மரம் தாவும் குரங்குக்கு எதுக்குப் பாலம்? இதைப் புரிஞ்சுக்க முதல்ல கடலுக்குள் ஒரு எட்டு போய்ட்டு வரலாம்.

கடலில் என்ன நடக்குது?

கடலில் சுமார் 200 மீட்டர் ஆழம் வரைதான் நல்ல வெளிச்சம். 1,000 மீட்டருக்குக் கீழே சூரிய ஒளியே கிடையாது. மேல்மட்டத்தில் திரியும் சூரை மீன், இரையை வேகமாகத் துரத்திப் பிடிக்கும். கும்மிருட்டில் வாழும் பெண் தூண்டில் மீனோ, தலையில் ஒளிரும் உறுப்பைக் காட்டி இரையைப் பக்கத்தில் வரவைக்கும். எந்த ஆழமோ, அதற்கேற்ற உடம்பு.

ஆனைமலை மழைக்காடும் இப்படித்தான். உச்சிக் கிளையில் சுள்ளென்று வெயில். தரைக்கு வந்து சேருவது அதில் மிகச் சிறிய பங்குதான்.

எந்த மாடியில் யார்?

உச்சி: சிங்கவால் குரங்கு, இருவாச்சி. கிடைத்த பழத்தைக் கன்னப் பையில் அடக்கிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகும் சிங்கவால் குரங்கு. வயதான பெரிய மரத்தின் பொந்தில் பெண் இருவாச்சி தன்னையே அடைத்துக்கொண்டு முட்டையிடும். சின்ன இடுக்கு வழியாக மாதக்கணக்கில் உணவு ஊட்டுவது ஆண் பறவை.

நடு மரம்: பறக்கும் ஓணான். விலா எலும்புகளை விரித்தால் பக்கவாட்டுத் தோல் இறக்கை மாதிரி விரியும். தரையைத் தொடாமலேயே அடுத்த மரத்துக்குச் சறுக்கிப் போய்விடும்.

தரை: சருகுமான். பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள். இலை இடுக்கில் விழும் வெயில் திட்டுகளுக்கு நடுவே நின்றால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

மண்ணுக்குள்: ஊதா தவளை. 2003-ல்தான் அறிவியல் உலகம் இதற்குப் பெயர் வைத்தது. கரையானைத் தின்று மண்ணுக்குள்ளேயே வாழும். பருவமழை தொடங்கும்போது சில நாட்கள் மட்டும் இனப்பெருக்கத்துக்காக வெளியே வரும்.

சிக்கல் எங்கே?

ஒரு மாடிக்குப் பழகிய உடம்புக்கு, அந்த மாடி உடைந்தால் வேறு வழியில்லை. 1890-களில் தொடங்கி வால்பாறைக் காடுகள் தேயிலை, காபித் தோட்டங்களாக மாறின. மிச்சமிருப்பது தோட்டங்களுக்கு நடுவே தீவு மாதிரி சின்னச் சின்னக் காடுகள். புதுத்தோட்டம் அதில் ஒன்று. பரப்பு சுமார் 92 ஹெக்டேர்தான். அதை ஒட்டியே சாலையும் ஓடுது.

உலகிலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் சிங்கவால் குரங்கு, வாழ்நாளின் பெரும்பகுதியை மரத்திலேயே கழிக்கும் இனம். கிளைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்ததும் தரையில் இறங்கிச் சாலையைக் கடக்குது. வீடுகளுக்குள் புகுந்து சாப்பாடும் எடுக்குது. பழக்கம் சில பத்தாண்டுகளில் மாறிவிட்டது. ஆனால் வளைவில் திரும்பி வரும் கார் அதற்கு ஆபத்து. அடிபட்டுச் சாகும் குரங்குகளின் கதை இதுதான்.

தீர்வு என்ன?

தொங்கு பாலங்கள் அறுந்துபோன கிளைப் பாதையைத் தற்காலிகமாக ஒட்டுப் போடுது. குரங்குகளும் பழகி அதில் நடக்குது. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற அமைப்பு, இங்குள்ள சிதைந்த காடுகளில் பல ஆண்டுகளாக நாட்டு மரங்களை நட்டு வருது. அவை வளர்ந்து கிளைகள் கைகோக்கும்போதுதான் உடைந்த மாடி திரும்பக் கிடைக்கும்.

அதுவரை நம்ம பங்கு ரொம்பச் சின்னது. புதுத்தோட்டம் தாண்டும்போது வேகத்தைக் குறைங்க. சிப்ஸ், பிஸ்கட் நீட்டாதீங்க. நீங்க போடும் ஒரு பிஸ்கட்டுக்காக, அந்தக் குரங்கு நாளைக்கும் ரோட்டில் வந்து காத்திருக்கும்.