பழைய ஜீப்பின் டிரான்ஸ்பர் கேஸ்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?



மலைமேல் உள்ள எஸ்டேட் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் வியாபாரிகள் பலரிடம் இன்னும் பழைய மகேந்திரா ஜீப் இருக்கிறது. போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிற வழிகளில் வேறு வண்டி ஏறுவதும் இல்லை. நமது கடையிலும் அப்படி ஒன்று உண்டு. அதன் டிரான்ஸ்பர் கேஸ் நம்மை இரண்டு வருடம் படுத்திய பாட்டில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

ஒரு மழைக்காலம். பத்து மூட்டை அரிசி, எண்ணெய் டின்கள், உப்புச் சிப்பம் எல்லாம் ஏற்றிப் போன ஜீப்பை ஒரு தோட்டக் கடை வாசலில், ஏற்றத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு டிரைவர் இறங்கினார். சீட்டைக் கொடுத்துத் திரும்புவதற்குள் வண்டி பின்னால் நகர ஆரம்பித்துவிட்டது. கடைப் பையன் பாய்ந்து ஒரு கருங்கல்லைச் சக்கரத்துக்குக் கீழே உருட்டினான், நின்றது. பின்னால் நாலு அடியில் பள்ளம். சாயங்காலம் டிரைவர் வந்து, "முதலாளி, டிரம் முழுக்க ஆயில். பிரேக் எங்கே பிடிக்கும்?" என்றார். அந்த ஒரு வருடத்தில் அதே இடத்தில் ஆயில் சீலை இரண்டு தடவை மாற்றியிருந்தோம்!

எஞ்சினிலிருந்து கியர் பாக்ஸுக்கு வரும் சக்தியை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பதுதான் டிரான்ஸ்பர் கேஸ். கியர் பாக்ஸின் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் இரும்புப் பெட்டி அது. பழைய ஜீப்புகளில் இருப்பது அமெரிக்க வில்லீஸ் ஜீப்பின் வழி வந்த ஸ்பைசர் 18 வகை. பெரிய கியர் கம்பி தவிர இரண்டு சின்னக் கம்பிகள் இருக்கும். ஒன்று முன் சக்கரத்தைச் சேர்க்க, மற்றது ஹை, லோ மாற்ற. லோ போட்டால் சக்கரத்தின் வேகம் சுமார் இரண்டரையில் ஒரு பங்காகக் குறையும், இழுவை அந்த அளவுக்குக் கூடும். முன் சக்கரம் சேராமல் லோ விழாதபடி உள்ளே ஒரு தடுப்பு உண்டு. அந்த முழு இழுவையையும் பின் ஆக்ஸில் மட்டும் தாங்காது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள்.

"நாங்கள் ஃபோர் வீல் போடுவதே இல்லை, அந்தப் பெட்டி எப்படித் தேயும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம். இந்த வகைப் பெட்டியில் சக்தி எப்போதுமே இடைக் கியர் ஒன்றின் வழியாகத்தான் போகிறது. நீங்கள் தார் ரோட்டில் டூ வீலில் போனாலும் அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அந்தக் கியர் ஓடும் ஷாஃப்டும் அதற்குள்ளிருக்கும் ஊசி பேரிங்குகளும் ஆயில் குறைந்தால் முதலில் தேய்பவை. ஷாஃப்டில் நகத்தால் தடவினாலே பள்ளம் தெரியும். டாப் கியர் உட்பட எல்லா கியரிலும் ஒரே ரீங்காரம் கேட்டால் சந்தேகப்படுங்கள். வண்டியை நிறுத்தி, டிரான்ஸ்பர் கம்பியை நியூட்ரலில் வைத்து, கியர் பாக்ஸில் கியர் போட்டு ஓட விட்டுப் பாருங்கள். வண்டி நகராது, இடைக் கியர் மட்டும் சுற்றும். அப்போதும் அதே சத்தம் வந்தால் இந்தப் பெட்டியை முதலில் பாருங்கள்.

நமது வண்டியின் ஆயில் கசிவுக்குக் காரணம் சீலே இல்லை. பின் பக்க ஷாஃப்டின் பேரிங் தேய்ந்து ஷாஃப்ட் ஆடிக்கொண்டிருந்தது. ஆடுகிற ஷாஃப்ட் எத்தனை புதுச் சீல் போட்டாலும் அறுத்துவிடும். பழைய ஜீப்பில் ஹேண்ட் பிரேக் டிரம் சக்கரத்தில் இல்லை, இந்தப் பெட்டியின் பின் முனையில்தான் இருக்கிறது. ஆகவே அங்கே கசியும் ஆயில் நேரே டிரம்முக்குள் போகிறது. பின் மூடிக்கு அடியில் உள்ள மெல்லிய சிம் தகடுகளைக் கூட்டிக் குறைத்து ஷாஃப்டின் ஆட்டத்தைச் சரி செய்தபிறகே சீல் போட வேண்டும். இதைச் செய்யாத மெக்கானிக்குக்கு நாம் இரண்டு தடவை கூலி கொடுத்திருக்கிறோம்.

இதைவிட ஆபத்து, ஓடும்போது கியர் தானாக நழுவுவது. கம்பியைப் பிடித்து வைக்கும் குண்டு, ஸ்பிரிங், ஃபோர்க் அல்லது கியர் பல் தேய்ந்திருந்தால் இது நேரும். கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது நழுவினால் எஞ்சினின் பிடி போய்விடும், பாரம் முழுவதும் கால் பிரேக்கில் விழும். ஒரு தடவை நழுவியதாக டிரைவர் சொன்னாலும் அடுத்த லோடு ஏற்றாதீர்கள்.

சரி, பழுதா மாற்றமா? நமது கணக்கு இது. அடித்தட்டைக் கழற்றி உள்ளே பார்க்கும்போது பெட்டி விரிசல் இல்லாமல், கியர் பற்கள் முழுதாக இருந்தால், இடை ஷாஃப்ட், ஊசி பேரிங், வாஷர்கள், மற்ற பேரிங், சீல் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். ஒன்று இன்று, ஒன்று அடுத்த மாதம் என்று போட்டால் கூலிதான் கூடும். பெட்டியில் ஷாஃப்ட் நுழையும் துளையே தேய்ந்து அகன்றிருந்தால் பழுது வேலை வீண், பெட்டியையே மாற்றுங்கள்.

சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய பெட்டி கிடைக்கும். விலை பேசும் முன் அடித்தட்டைத் திறக்கச் சொல்லுங்கள். திறக்க மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். கியர் பாக்ஸ் ஷாஃப்டின் பல் எண்ணிக்கை உங்கள் வண்டிக்குப் பொருந்துகிறதா, ஸ்பீடோமீட்டர் கேபிளும் பிரேக் டிரம்மும் அதில் சேருமா என்று பழையதைக் கையில் வைத்துக்கொண்டே ஒப்பிட வேண்டும். புளி வாங்கும்போது கையை விட்டு அடிமூட்டை வரை பார்க்கிற நாம் இதில் ஏமாறக் கூடாது! செலவு செய்யும் முன் ஆர்.சி. புத்தகத்தையும் பாருங்கள். சொந்த உபயோக வண்டிக்கு 15 வருடத்துக்குப் பிறகு ஐந்து ஐந்து வருடமாகத்தான் புதுப்பிக்கிறார்கள். ஒரு வருடமே பாக்கி உள்ள, பாடி துருப்பிடித்த வண்டிக்குப் பெட்டி மாற்றுவது கைமுதலுக்கு நஷ்டம்.

பெட்டியை இறக்கும்போது கியர் பாக்ஸின் மெயின் ஷாஃப்ட் பின்னால் இழுபட்டுவிடாமல் பிடித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அதனுள் இருக்கும் ரோலர்கள் உதிர்ந்து, நல்ல கியர் பாக்ஸையும் பிரிக்க நேரும்.

பூட்டிய பிறகு 90 நம்பர் கியர் ஆயிலை, சமதரையில் நிறுத்தி, பக்கத்துத் துளை வரை நிரப்புங்கள். கியர் பாக்ஸிலும் அளவு பாருங்கள். நடுச் சீல் போன வண்டியில் ஒன்றின் ஆயில் மற்றதற்குப் போய், ஒன்று வற்றி மற்றது நிரம்பி வழியும். காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு ஓட்ட வேண்டாம். முன்னும் பின்னும் சக்கரங்கள் வேறு வேறு தூரம் ஓடுவதால் உள்ளே முறுக்கு ஏறி, கம்பி எடுக்க வராமல் சிக்கும். அப்படிச் சிக்கினால் சில அடி ரிவர்ஸ் எடுத்தால் கழன்றுவிடும், சுத்தியலால் தட்ட வேண்டாம். நாலு டயரும் ஒரே அளவாக இருக்கட்டும்.

நமது ஜீப்பில் பேரிங், இடை ஷாஃப்ட் எல்லாம் மாற்றி இரண்டு மழைக்காலம் ஆகிறது. டிரம் காய்ந்துதான் இருக்கிறது. இருந்தாலும் ஏற்றத்தில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் சரக்கு இறக்கக் கூடாது என்று டிரைவரிடம் சொல்லி, வண்டியில் இரண்டு மரக்கட்டை போட்டு வைத்திருக்கிறோம்.