ஸ்டாம்ப் ஊறும் நேரம்

"மனசை வேற எதுலயாவது திருப்புங்க மதினி" என்று என் நாத்தனார் போனில் சொல்லாத வாரமே கிடையாது. சொன்னதில் தப்பில்லை. எதில் திருப்புவது? தூக்க மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வருகிறவளுக்குப் பாட்டு கேட்டால் காது கூசும். புத்தகத்தைப் பிரித்தால் ஒரே வரியை நாலு தடவை படிக்க வேண்டியிருக்கும். டிவி வெளிச்சம் கண்ணைக் குத்தும். கோயிலுக்குப் போனாலோ பூஜை மணிக்கு உடம்பு தூக்கிவாரிப் போடும். பொழுதுபோக்கு என்று பத்திரிகைகள் போடுகிற பட்டியலில் பாதி அங்கேயே அடிபட்டுப் போகிறது.

நான் பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள். என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த நாட்களில் தூக்கம் போயிற்று. அரை மில்லிகிராம் அல்பிரசோலம் எழுதிக் கொடுத்தார்கள். சில வாரங்களுக்கு என்றுதான் சீட்டில் இருந்தது. அவர் தேறி எழுந்து, பழையபடி காலையில் பேப்பருக்குச் சண்டை போடத் தொடங்கிவிட்டார். என் மாத்திரை மட்டும் நிற்கவில்லை. 2014 மார்ச்சிலிருந்து இந்த மருந்து ஹெச்-1 பட்டியலில் இருக்கிறது. அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை போட்டிருக்கும். விற்கிற கடைக்காரர் டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி, அதை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். சட்டம் அப்படி. நான் வாங்கிய கடையில், மடிப்பில் கிழிந்துபோன அதே பழைய சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு ஒரு அட்டையை எடுத்து நீட்டிவிடுவார்கள்.

இந்த மாத்திரைகளின் குடும்பப் பெயர் பென்சோடயஸிபின். ரோஷ் மருந்துக் கம்பெனியில் லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தது. லிப்ரியம் 1960-லும் வேலியம் 1963-லும் கடைக்கு வந்தன. மூளையை அமைதிப்படுத்துகிற 'காபா' என்ற ரசாயனம் நம் எல்லோருக்கும் இயற்கையாகவே சுரக்கிறது. மாத்திரை அதன் வேலையைப் பல மடங்கு தூக்கிக் கொடுக்கிறது. தினமும் இப்படி வெளியிலிருந்து உதவி வந்தால் மூளை தன் பங்கைக் குறைத்துக்கொள்கிறது. அப்புறம் மாத்திரையை எடுத்துவிட்டால் அடக்கி ஆள ஆளில்லாமல் நரம்பு மண்டலம் முழுக்க விழித்துக்கொள்ளும். சத்தம், வெளிச்சம், நடுக்கம், தூக்கமின்மை, காரணமில்லாத பயம் எல்லாம் அதன் விளைவுதான். இரண்டு முதல் நாலு வாரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள் என்று பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு 1988-லேயே டாக்டர்களுக்குச் சொல்லிவிட்டது. அந்த நாட்டில் நியூகாசில் நகரத்தில் 1982 முதல் 1994 வரை இந்த மாத்திரையிலிருந்து விடுபடுகிறவர்களுக்கென்றே தனி கிளினிக் நடத்தினார் ஹெதர் ஆஷ்டன் என்ற பேராசிரியர். அவர் எழுதிய கையேட்டை இன்றும் உலகமெங்கும் புரட்டுகிறார்கள்.

என்னைப் பார்க்கிற மனநல டாக்டர் முதல் நாளே கண்டிப்பாகச் சொன்னார்: "டீச்சர், கோபத்துல ஒரேயடியா நிறுத்திராதீங்க. வலிப்பு வரும். உயிருக்கே ஆபத்து." இதைப் படிக்கிறவர்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். குறைப்பது டாக்டர் கையில் இருக்கட்டும். எனக்கு, சட்டென்று உடம்பை விட்டு வெளியேறிவிடுகிற அல்பிரசோலத்துக்குப் பதிலாக, நெடுநேரம் தங்குகிற டயஸிபாமுக்கு மாற்றி, அங்கிருந்து இறக்கினார். பொதுவாக இரண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒரு முறை, 5 முதல் 10 விழுக்காடுதான் குறைப்பார்கள். அப்படியானால் மொத்தம் எவ்வளவு காலம் என்று நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். மாதக்கணக்கு, பலருக்கு வருடத்தைத் தாண்டும். அத்தனை மாதத்தின் அத்தனை மத்தியானங்களையும் எதைக் கொண்டு நிரப்புவது?

இதில் எனக்கு ஒரு கட்சி உண்டு. கைவந்த கலை இந்தச் சமயத்தில் கை கொடுக்காது. புதுசாக, நமக்கு அ-ஆ கூடத் தெரியாத ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நான் வீணை வாசிப்பேன். கச்சேரி அளவுக்கு இல்லை, வீட்டு நவராத்திரிக்குத் தாங்கும். எல்லோரும் சொன்னார்களே என்று உறையைக் கழற்றி உட்கார்ந்தேன். தோடியில் காந்தாரத்தை அசைக்க வேண்டும். விரல் நான் சொல்லாமலே அசைந்தது, அதுவும் வேறு தாளத்தில். சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்தக் காந்தாரம் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று காதுக்குத் தெரியுமே. விரலின் நடுக்கத்தைவிட, முன்னே இருந்த கைக்கும் இப்போது இருக்கிற கைக்கும் நடுவே தெரிந்த தூரம்தான் என்னைப் படுக்கையில் தள்ளியது. பழைய பொழுதுபோக்கு ஒவ்வொன்றும் நமக்கே தெரியாமல் ஒரு மார்க் ஷீட்டைக் கையில் வைத்திருக்கிறது. வாசிப்பும் அப்படித்தான். கனமான நாவல்களைக் கரைத்துக் குடித்தவள் என்ற பெருமையை ஓரம் கட்டிவிட்டு, பைண்டு பண்ணின பழைய அம்புலிமாமாவை எடுத்தேன். பெரிய எழுத்து, இரண்டு பக்கக் கதை, முடிவு ஏற்கெனவே தெரியும். நடுவில் மறந்துபோனாலும் நஷ்டமில்லை.

ஸ்டாம்ப் வந்தது மாமனாரின் பிஸ்கட் டப்பாவிலிருந்து. அவர் தபால் ஆபீசில் சார்ட்டராக இருந்தவர். வீட்டுக்கு வந்த கவர்களின் மூலையை ஸ்டாம்போடு வெட்டி, காரணம் சொல்லாமல் சேர்த்து வைத்திருந்தார். பரணைச் சுத்தம் செய்யும்போது இறங்கியது. தபால்தலை பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அதனால்தான் பிடித்தது.

வேலை இதுதான். அகலமான தட்டில் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, கவர்த் துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று படாமல் போட வேண்டும். பதினைந்து இருபது நிமிடத்தில் பின்னால் இருக்கிற கோந்து கரைந்து ஸ்டாம்ப் தானாக நழுவும். நழுவாவிட்டால் இன்னும் ஊற விட வேண்டும். நகத்தை வைத்துப் பிரித்தால் பின்புறக் காகிதம் உரிந்து அந்த இடம் மெலிந்துவிடும், அப்புறம் அது சேகரிப்பில் சேராது. சிவப்புக் கவரையும் காக்கிக் கவரையும் தனித் தட்டில் போடாவிட்டால் சாயம் இறங்கி எல்லாவற்றையும் கெடுக்கும். நழுவினதைத் தட்டை முனை இடுக்கியால் தூக்கி, பின்பக்கத்து வழவழப்பை இன்னொரு தண்ணீரில் அலசி, அச்சில்லாத வெள்ளைத் தாளில் குப்புறப் போட வேண்டும். காயும்போது சுருண்டுகொள்ளும். அதற்கு ஒரு கனமான புத்தகம். என் பழைய பிளஸ் டூ கணக்குப் புத்தகங்கள் இரண்டு இதற்கு வாகாக இருந்தன.

அந்தப் பதினைந்து நிமிடம் முக்கியம். "எதையும் நல்லா இருக்கும்போதே நிறுத்திருங்க டீச்சர்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்த நிலையில் உற்சாகம் வந்தாலும் வினைதான். கொஞ்சம் தெம்பு வந்த நாளில் வீடு முழுக்கத் துடைத்துவிட்டு மறுநாள் எழுந்திருக்க முடியாமல் கிடப்பவர்கள் உண்டு. அலாரம் வைத்துக்கொள்ளலாம் என்றால் அந்தச் சத்தமே ஆகாது. ஸ்டாம்ப் ஊறுகிற நேரம்தான் எனக்குக் கடிகாரம். அதுவரை சும்மா உட்காரலாம், படுக்கலாம், பயம் வந்தால் பயப்படலாம். யாரும் காத்திருக்கவில்லை. மறந்துபோய் அரை மணி கூடுதலாக ஊறினாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

கை நடுக்கத்துக்கு இடுக்கி சரிப்படுமா என்று கேட்பீர்கள். சரிப்படவில்லை. ஆரம்பத்தில் பாதி ஸ்டாம்ப் தண்ணீரிலேயே திரும்ப விழும். ஆனால் இடுக்கி பிடித்து எனக்குப் பழக்கமே இல்லையே, எந்தக் கையோடு ஒப்பிடுவது? ஒரு நாள் சுருண்டிருந்த ஒன்றை விரித்தால் வ.உ.சி.! அவர் நூற்றாண்டுக்கு 1972-ல் வெளியிட்டது. இன்னொரு கவரில் 1960-ல் வந்த பாரதி. ஒட்டப்பிடாரமும் எட்டயபுரமும் எங்கள் பக்கத்து ஊர்கள்தானே, சொந்தக்காரர் வந்த மாதிரி இருந்தது. சந்தன வாசனை வீசுகிற ஸ்டாம்ப் ஒன்றை நம் தபால் துறை 2006 டிசம்பரில் போட்டது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். வாசனை குமட்டுகிற காலம் எனக்குத் தாண்டினபிறகு அதை வாங்கினேன். இந்தப் பழக்கம் பிடித்துப்போனால் தபால் துறையின் ஃபிலாட்டலி பீரோவில் 200 ரூபாய் கட்டிக் கணக்குத் தொடங்கலாம், புதுசாக வருகிறவை வீட்டுக்கே வரும்.

சந்தோஷமாக இருந்ததா? பல நாள் இல்லை. அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்பார் டாக்டர். 1970-களில் பீட்டர் லெவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் மனச்சோர்வுக்காரர்களை வைத்துச் செய்த வேலையிலிருந்து கிளைத்த ஒரு சிகிச்சை முறை உண்டு. ஆசை வரட்டும் என்று காத்திருக்காமல் முதலில் காரியத்தைச் செய்வது, ஆசை பின்னால் வந்து சேரும் என்பதுதான் அதன் சாரம். எனக்கு அது சேர வெகுகாலம் பிடித்தது. வந்தபோதும் தாரை தப்பட்டையோடு வரவில்லை. தட்டில் தண்ணீர் ஊற்றும்போது இன்றைக்கு என்ன கிடைக்குமோ என்று ஒரு நினைப்பு ஓடியது, அவ்வளவுதான்.

மாடியில் இரண்டு பழைய டப்பில் முளைக்கீரையும் போட்டேன். விதை கடுகைவிடப் பொடி. மணலோடு கலந்து தூவினால்தான் ஒரே இடத்தில் குமியாது. மூன்று நாலு நாளில் தலைகாட்டிவிடும், மூன்று வாரம் தாண்டினால் பிடுங்கிக் கடையலாம். நாம் எழுந்திருக்க முடியாத நாட்களிலும் அது பாட்டுக்கு வளரும். தண்ணீர் ஊற்றும் பொறுப்பை மட்டும் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவருக்கும் சும்மா இருப்பதாகத் தோன்றாமல் இருந்தது.

பிடிப்பதைவிட விடாமல் இருப்பது கஷ்டம். டோஸைக் குறைத்த வாரம், காய்ச்சல், ஒரு கல்யாண வீட்டு மேளம், எதுவானாலும் பழைய அறிகுறிகள் திரும்ப எழும்பும். அப்போது ஸ்டாம்பைப் பார்த்தாலே எரிச்சல் வரும். நான் டப்பாவைப் பரணுக்குத் திருப்பி அனுப்பவில்லை, கை எட்டுகிற அலமாரியிலேயே வைத்தேன். மோசமான நாளில் தண்ணீர், தட்டு எதுவும் கிடையாது. மூடியைத் திறந்து பச்சையைப் பச்சையோடு வைத்தால் போதும். அதுவும் முடியாவிட்டால் போகட்டும். காலண்டரில் தினமும் டிக் அடிக்கிற வழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு நாள் விட்டதும் அந்தக் காலிக்கட்டம் நம்மையே முறைக்கும். என் தம்பி மகன் இன்ஸ்டாகிராமில் பக்கம் தொடங்கித் தருகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். "லைக் வந்தா உனக்கே தெம்பு வரும் அத்தை" என்றான். வராத அன்றைக்கு? டீ கொடுத்து அனுப்பிவைத்தேன்.

பொழுதுபோக்கு மருந்தல்ல என்பதையும் போட்டு உடைத்துவிடுகிறேன். குணப்படுத்துவது காலமும் நிதானமான குறைப்பும்தான், ஸ்டாம்ப் அந்தக் காலத்தை உட்கார்ந்து கடக்க உதவியது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் தட்டையும் டப்பாவையும் வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது. உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். அவர் கிடைக்காவிட்டால் மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

இப்போது மாத்திரை நின்றுவிட்டது. டாக்டர் அவ்வப்போது யாரையாவது அனுப்பி என்னோடு பேசச் சொல்கிறார். மேலப்பாளையம் பக்கத்திலிருந்து ஆட்டோக்காரர் ஒருவர் வந்தார். என் கட்சியை முழுக்கக் கேட்டார், இடுக்கியை வாங்கிப் பார்த்தார், மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். "இது நமக்குச் சரிப்பட்டு வராது டீச்சர். குனிஞ்சு உக்காந்தா தலை சுத்துது." சிநேகிதன் ஒருவனோடு தாமிரபரணியில் தூண்டில் போட்டுப் பார்த்தாராம். மீனுக்காகக் காத்திருக்கிற நேரத்தில் நெஞ்சு படபடப்பு கூடியதுதான் மிச்சம். கடைசியில் மகனின் பழைய சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, வீலில் கோட்டம் எடுக்கக் கற்றுக்கொண்டார். ஒவ்வொரு கம்பியாக முடுக்கி, வீலைச் சுற்றிவிட்டு, எங்கே உரசுகிறது என்று பார்ப்பது. நின்றுகொண்டே செய்யலாம், பாதியில் விட்டாலும் சைக்கிள் கோபித்துக்கொள்ளாது. எனக்கு அது தோன்றியிருக்கவே இருக்காது.

போன மாதம் பார்த்தபோது அவருக்கு வேறு பிரச்சினை. செய்தி பரவி, தெருவில் உள்ள சைக்கிளெல்லாம் வாசலுக்கு வர ஆரம்பித்துவிட்டது, ஒருவர் அவசரமாக நாளைக்கே வேண்டும் என்றாராம். "என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"காசு வாங்கினா நாள் குறிப்பாங்க டீச்சர். அதான், மகனோட சைக்கிள் ஒண்ணுதான் பாப்பேன், மத்தவங்க கடைக்குப் போங்கன்னுட்டேன்" என்றார். மகன் சைக்கிளில் கோட்டம் ஏதும் மிச்சமிருக்கிறதா என்றேன். இல்லையாம். அவரே இரண்டு கம்பியைத் தளர்த்தி வைத்துக்கொள்கிறாராம்.