அயர்லாந்து வீட்டு விலை வீழ்ச்சியின் சமூக விளைவுகள்

அயர்லாந்துக் குடியரசில் 2007-ஆம் ஆண்டு உச்சத்தை எட்டிய வீட்டு விலைகள் தொடர்ந்து சரிந்து, 2013-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உச்ச விலையில் பாதிக்கும் கீழே வந்தன. வளர்ந்த நாடுகளில் அண்மைக் காலத்தில் ஏற்பட்ட மிகக் கடுமையான வீட்டு விலை வீழ்ச்சிகளில் இதுவும் ஒன்றாகும். வங்கிகளின் நெருக்கடியாகத் தொடங்கிய இது குடும்ப வாழ்க்கை, வேலைவாய்ப்பு, இடப்பெயர்வு, வீட்டுரிமை ஆகியவற்றில் நீண்ட கால மாற்றங்களை ஏற்படுத்தியது. வீட்டின் விலை குறைந்தபோது அதை வாங்கப் பெற்ற கடன் குறையவில்லை என்பதே இந்த விளைவுகளில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படையாகும்.

பின்னணி

1990-களில் அயர்லாந்தின் பொருளாதாரம் வேகமாக வளர்ந்தது. இக்காலம் 'கெல்டிக் புலி' எனப்பட்டது. யூரோ நாணயத்தில் இணைந்த பின் வட்டி விகிதம் குறைந்தது. வங்கிகள் வெளிநாடுகளில் கடன் பெற்று உள்நாட்டில் வீட்டுக்கடன் வழங்கின. வீட்டின் முழு விலையையும் கடனாகத் தரும் திட்டங்கள் கூட அறிமுகமாயின. 1996-க்கும் 2007-க்கும் இடையில் வீட்டு விலைகள் மூன்று மடங்குக்கும் மேல் உயர்ந்தன. சுமார் 42 லட்சம் மக்கள்தொகை கொண்ட அந்நாட்டில் 2006-இல் மட்டும் ஏறத்தாழ 90,000 வீடுகள் கட்டப்பட்டன.

இனியும் விலை ஏறும், இப்போது வாங்காவிட்டால் எப்போதும் வாங்க முடியாது என்ற அச்சம் இளம் தம்பதியரிடம் பரவியிருந்தது. டப்ளினில் வாங்க முடியாதவர்கள் மீத், கில்டேர், லீஷ் போன்ற மாவட்டங்களில் வீடு வாங்கி, நாள்தோறும் தலைநகருக்கு நெடுந்தூரம் பயணம் செய்தனர்.

கடனில் சிக்கிய குடும்பங்கள்

வீட்டின் சந்தை விலையைவிட அதன் மீதுள்ள கடன் அதிகமாக இருக்கும் நிலை 'நெகட்டிவ் ஈக்விட்டி' எனப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 3,00,000 யூரோ விலையுள்ள வீட்டை ஒருவர் 2,85,000 யூரோ கடனில் வாங்குகிறார் எனக் கொள்வோம். சில ஆண்டுகள் தவணை கட்டிய பின் அசல் 2,60,000 யூரோவாகக் குறைகிறது. அதற்குள் வீட்டின் விலை 1,50,000 யூரோவாகிவிட்டால், வீட்டை விற்ற பிறகும் 1,10,000 யூரோ கடன் அவர் தலையில் நிற்கும். அயர்லாந்தில் வீட்டை வங்கியிடம் ஒப்படைப்பதால் மட்டும் கடன் தீர்ந்துவிடாது; மீதித் தொகைக்கும் கடன் பெற்றவரே பொறுப்பு.

வீழ்ச்சி ஆழமான ஆண்டுகளில் வீட்டுக்கடன் பெற்றிருந்தோரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் இந்நிலையில் இருந்தனர். இவர்களில் பெரும்பாலானோர் விலை உச்சத்தில் இருந்தபோது முதல் வீடு வாங்கிய இளையோர். பல ஆண்டுகளுக்கு முன்பே வீடு வாங்கிக் கடனை அடைத்துவிட்ட பெற்றோர் தலைமுறைக்கு விலை வீழ்ச்சி பெரும்பாலும் காகிதத்தில் மட்டுமே இழப்பாக இருந்தது. ஒரே நாட்டில், சில நேரங்களில் ஒரே குடும்பத்தில், வீடு வாங்கிய ஆண்டைப் பொறுத்து ஒருவரின் நிலை மாறியது.

வீட்டை விற்க முடியாததால் இடம் மாறுவதும் கடினமாயிற்று. முதல் படியாக ஒரு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீட்டை வாங்கியவர்கள், குழந்தைகள் பிறந்த பின்னும் அதிலேயே நெருக்கிக் கொண்டு வாழ்ந்தனர். வேறு ஊரில் வேலை கிடைத்தவர்கள் தங்கள் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுத் தாங்களும் வாடகை வீட்டில் குடியேறினர்.

விலை வீழ்ந்தாலும் வீடில்லாதவர்களுக்கு உடனடிப் பயன் கிடைக்கவில்லை. வங்கிகள் புதிய கடன் வழங்குவதைப் பெருமளவு குறைத்தன. வேலை நிலைக்குமா என்ற ஐயம் எங்கும் இருந்தது. மலிந்த விலையில் வாங்க முடிந்தவர்களில் பலர் கையில் ரொக்கம் வைத்திருந்தவர்களே.

வேலையிழப்பும் புலம்பெயர்வும்

2007-இல் கட்டுமானத் துறையில் சுமார் 2,70,000 பேர் வேலை செய்தனர். 2012-இல் இது ஏறத்தாழ 1,00,000 ஆகக் குறைந்தது. பள்ளிப் படிப்பை விட்டுக் கட்டட வேலைக்குச் சென்ற இளைஞர்கள் முதலில் பாதிக்கப்பட்டனர். நாட்டின் வேலையின்மை 5 விழுக்காட்டுக்கும் கீழிருந்து சுமார் 15 விழுக்காட்டுக்கு உயர்ந்தது.

இதனால் புலம்பெயர்வு மீண்டும் பெருகியது. 2013 ஏப்ரலுடன் முடிந்த ஓராண்டில் 80,000-க்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு வெளியேறினர். இவர்களில் ஒரு பகுதியினர் முன்பு வேலை தேடி வந்து தாயகம் திரும்பிய கிழக்கு ஐரோப்பியர். மற்றொரு பெரும் பகுதியினர் பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா ஆகிய நாடுகளுக்குச் சென்ற ஐரிஷ் இளைஞர்கள். சில கிராமங்களில் கேலிக் கால்பந்து விளையாட ஓர் அணியைச் சேர்ப்பதே கடினமாகி, பக்கத்து ஊர்க் கழகங்கள் ஒன்றிணைய நேர்ந்தது.

பேய்க் குடியிருப்புகள்

கட்டுமான நிறுவனங்கள் நொடித்ததால் பாதியில் நின்றுபோன குடியிருப்புகள் மக்கள் வழக்கில் பேய்க் குடியிருப்புகள் எனப்பட்டன. 2010-இல் அரசு எடுத்த கணக்கெடுப்பில் இத்தகைய 2,800-க்கும் மேற்பட்ட குடியிருப்புகள் கண்டறியப்பட்டன. இவற்றில் பலவற்றில் சில குடும்பங்கள் ஏற்கெனவே குடியேறியிருந்தன. தெருவிளக்கு, முழுமையான சாலை, கழிவுநீர் வசதி ஆகியவை இல்லாமல், ஆளற்ற வீடுகளுக்கு நடுவே அவர்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர்.

லீட்ரிம், லாங்ஃபோர்டு, ரோஸ்காமன் போன்ற மாவட்டங்களில் இச்சிக்கல் மிகுதி. அங்கு வீடு கட்டுவோருக்கு 1990-களின் இறுதியில் வரிச்சலுகை வழங்கப்பட்டது. தேவையைவிடச் சலுகையே கட்டுமானத்தைத் தூண்டியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விடுமுறை வீடுகளையும் சேர்த்து, லீட்ரிம் மாவட்ட வீடுகளில் சுமார் 30 விழுக்காடு ஆளின்றி இருந்தன.

அரசின் சிக்கன நடவடிக்கைகள்

வங்கிகளைக் காப்பாற்ற அரசு சுமார் 64 பில்லியன் யூரோ செலவிட்டது. வீட்டு விற்பனையிலிருந்து கிடைத்த முத்திரைத்தாள் வரி வருவாயும் சரிந்தது. 2010 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியம், பன்னாட்டு நாணய நிதியம் ஆகியவற்றின் உதவியை அரசு நாடியது. அரசு ஊழியர் ஊதியமும் சமூக நல உதவிகளும் குறைக்கப்பட்டன. 2009-இல் குழந்தை ஒன்றுக்கு மாதம் 166 யூரோவாக இருந்த உதவித்தொகை 2013-இல் 130 யூரோவாயிற்று. இவ்வாறு வீடு வாங்காதவர்களும் வீழ்ச்சியின் சுமையைப் பகிர்ந்துகொண்டனர்.

சட்ட மாற்றங்கள்

2013-இல் சொந்தக் குடியிருப்புக்கான வீட்டுக்கடன்களில் சுமார் 13 விழுக்காடு 90 நாட்களுக்கு மேல் தவணை நிலுவையில் இருந்தன. எனினும் வங்கிகள் பின்பற்ற வேண்டிய நடத்தை விதிகளாலும் நீதிமன்றத் தாமதங்களாலும், அமெரிக்காவுடன் ஒப்பிடும்போது குறைந்த எண்ணிக்கையிலான வீடுகளே பறிமுதலாயின. குடும்பங்கள் தெருவுக்கு வருவது குறைந்தாலும், தீராத கடன் பற்றிய மன உளைச்சல் பல ஆண்டுகள் நீடித்தது.

முன்பு திவாலானவர் அந்நிலையிலிருந்து விடுபட 12 ஆண்டுகள் ஆகும். 2012-ஆம் ஆண்டுச் சட்டம் இதனை மூன்று ஆண்டுகளாகவும், பின்னர் 2016-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் ஓர் ஆண்டாகவும் குறைத்தன. 2015-இல் அந்நாட்டு மத்திய வங்கி, வருமானத்துக்கும் வீட்டு மதிப்புக்கும் ஏற்ப வீட்டுக்கடனுக்கு உச்சவரம்பு விதித்தது.

நீண்ட கால விளைவுகள்

2013-க்குப் பின் விலைகள் மீண்டும் உயர்ந்தன. ஆனால் அந்த ஆண்டில் கட்டப்பட்ட வீடுகள் 2006-இல் கட்டப்பட்டவற்றில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உள்ளாட்சி அமைப்புகள் ஏழைகளுக்குக் கட்டிய வீடுகளும் மிகக் குறைந்தன. காலி வீடுகள் வேலையில்லாத மாவட்டங்களில் இருந்தன. வேலைகளோ டப்ளின் போன்ற நகரங்களில் பெருகின. வாடகை ஏறியது. அவசரக்கால விடுதிகளில் தங்கியிருந்த வீடற்றோர் எண்ணிக்கை 2019-இல் 10,000-ஐத் தாண்டியது.

1991-இல் சுமார் 80 விழுக்காடாக இருந்த சொந்த வீட்டில் வாழ்வோர் பங்கு 2016-இல் 68 விழுக்காடாகக் குறைந்தது. உச்ச விலையில் வாங்கியவர்களை அடுத்து வந்த தலைமுறையினர், வீழ்ச்சியின் போது நின்றுபோன கட்டுமானத்தின் விளைவை வீட்டுப் பற்றாக்குறையாகவும் உயர்ந்த வாடகையாகவும் எதிர்கொண்டனர்.